எதை எரிக்கிறோமோ, அதையே உண்கிறோம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் மூதாட்டி ஒருவர் பங்குமனைக்கு வந்தார். அமெரிக்க நாட்டில் வாழும் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கி, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்பியவர். பிள்ளைகளின் நலமெல்லாம் சொல்லி முடித்து, எழுந்து போகும் வேளையில் சற்றுத் தயங்கி நின்றார்.

"சாமி, அங்கே என் மகன் வீட்டுக் கொல்லையில் ஓர் அடுப்பு வைத்திருக்கிறான். விறகும் இல்லை, கரியும் இல்லை. கோழித் தீவனம் மாதிரி ஒன்றை மூட்டையிலிருந்து கொட்டுகிறான். அந்தப் புகையிலேயே இறைச்சி வெந்துவிடுகிறது. மூட்டைக்கு மூட்டை வேறு வேறு மரத்தின் பெயர் போட்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். கெடுதல் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது, ஆனால் என் நெஞ்சைத் தைத்தது. ஏனெனில், அந்தக் 'கோழித் தீவனத்தை' இன்னதென்று ஆராயாமல் வாங்கி, ஒரு பங்கு முழுவதும் உண்ண வேண்டிய உணவைக் கெடுத்தவன் நானே. அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பல. ஆகவே அந்தத் தாய்க்குச் சொன்ன விடையை, என் பிழையையும் மறைக்காமல், உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மரத்தூளில் பிறந்த எரிபொருள்

அந்நாட்டார் இதனைப் 'பெல்லட்' என்று அழைக்கின்றனர். மரம் அறுக்கும் ஆலைகளில் குவியும் மரத்தூளை நன்கு உலர்த்தி, அரைத்து, சிறு துளைகள் நிறைந்த இரும்பு அச்சின் வழியே பேரழுத்தத்துடன் செலுத்துவர். அந்த அழுத்தத்தால் எழும் வெப்பத்தில், மரத்திலேயே இயற்கையாக அமைந்துள்ள லிக்னின் என்னும் பொருள் இளகும், ஆறியதும் இறுகும். பசை ஏதும் சேர்க்காமலேயே தூள் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இவ்வாறு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பருமனும், விரற்கணு அளவு நீளமும் கொண்ட வழவழப்பான சிறு உருளைகள் கிடைக்கின்றன.

1973-லும் 1979-லும் உலகம் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் தவித்தபோது, குளிர்நாட்டு மக்கள் வீட்டைச் சூடாக்க மாற்று எரிபொருள் தேடினர். ஆலையில் கழிவென்று ஒதுக்கப்பட்ட மரத்தூள் அப்போது மதிப்புப் பெற்றது. முதலில் இது கணப்பு அடுப்புக்கான எரிபொருளே, சமையலுக்கானதன்று. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். என் பிழை இங்கேதான் தொடங்கியது.

சமையலுக்கான பெல்லட் அடுப்பு பிறந்த ஊர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்று ஒரு சிற்றூர் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஏங்கல்பெர்க் மடத்திலிருந்து வந்த புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் 1882-ஆம் ஆண்டில் அங்கே ஒரு மடம் நிறுவினர். ஏங்கல்பெர்க் என்றால் 'சம்மனசு மலை' என்று பொருள். அதே பொருளில்தான் இவ்வூருக்கும் பெயர் அமைந்தது. 1889 முதல் அங்கே குருமடமும் உண்டு. அந்தச் சிற்றூரில் கணப்புக் கருவிகள் செய்து விற்றுவந்த ஜோ டிரேகர் என்பவர், கணப்புக்குரிய பெல்லட்டைக் கொண்டு சமைக்கும் அடுப்பு ஒன்றை 1980-களின் நடுவில் உருவாக்கி, 1986-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று பல நிறுவனங்கள் இவ்வகை அடுப்புகளைச் செய்கின்றன.

அடுப்பின் அமைப்பு எளிது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் பெல்லட்டைக் கொட்ட வேண்டும். பெட்டியின் அடியில், மின்விசையால் சுழலும் திருகுத் தண்டு ஒன்று சிறிது சிறிதாகப் பெல்லட்டை நெருப்புக் கிண்ணத்திற்குத் தள்ளும். ஒரு விசிறி காற்றூட்டும். வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால், கருவியே பெல்லட்டைக் கூட்டியும் குறைத்தும் அவ்வெப்பத்தைக் காக்கும். இரவில் இறைச்சியை ஏற்றிவிட்டு உறங்கச் சென்று, காலையில் வந்து இறக்கலாம்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், ஆயரின் கட்டளையின்படி நான் ஆரிகன் மாநிலத்தின் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினேன். மவுண்ட் ஏஞ்சல் மடம் அங்கிருந்து அரைமணிப் பயணம். அப்பங்கில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பங்கில் யார் இறந்தாலும், அடக்கத் திருப்பலிக்குப்பின் வந்தோர் அனைவருக்கும் பங்கு மண்டபத்தில் உணவு உண்டு. துக்க வீட்டார் அடுப்பு மூட்டக்கூடாது என்னும் நம்மூர் வழக்கத்தின் வேறொரு வடிவம் என்றே அதைக் கொள்ளலாம்.

அந்த உணவைப் பல ஆண்டுகளாகச் சமைத்துவந்தவர் ஒரு முதியவர். மரம் அறுக்கும் ஆலையில் 30 ஆண்டுகளுக்குமேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பங்கின் இரண்டு பெரிய பெல்லட் அடுப்புகளும் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு செப்டம்பர் மாதத்தில் அவருடைய மனைவியே நோயுற்று இறந்தார். எத்தனையோ வீடுகளின் துக்கத்திற்குச் சமைத்தவரின் துக்கத்திற்கு நாம் சமைப்போம் என்று இளைஞர் சிலர் முன்வந்தனர். பெல்லட் வாங்கிவரும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றேன்.

கடைக்குச் சென்றேன். சமையல் பெல்லட் 20 இராத்தல் பை ஒன்றின் விலைக்கு, வேறொரு வரிசையில் 40 இராத்தல் பைகள் இரண்டு கிடைத்தன. அதே பருமன், அதே நிறம், அதே வழவழப்பு. மரமும் மரமும் ஒன்றுதானே, பங்கின் பணத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணினேன். பையின்மேல் 'டக்ளஸ் ஃபர், கணப்பு அடுப்புக்கு' என்று அச்சிட்டிருந்ததைப் படித்தேன், படித்தும் பொருட்படுத்தவில்லை. சிக்கனம் என்ற நற்பண்பு என் அறியாமைக்குப் போர்வையாயிற்று.

150 பேருக்கென 12 பன்றித் தோள் இறைச்சிகளை இரவு எட்டு மணிக்கு அடுப்புகளில் ஏற்றினோம். நான் நிம்மதியாக உறங்கச் சென்றேன். விடியற்காலையில் மூடியைத் திறந்தபோது எழுந்த வாடையை இன்றும் மறக்க இயலவில்லை. தார் பூசிய படகு வெயிலில் காய்வது போன்ற வாடை. இறைச்சியின் மேற்புறம் கருமை படர்ந்திருந்தது. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் இட்டேன். கசப்பு நாவைவிட்டு அகலவில்லை. இளைஞர்கள் என் முகத்தைப் பார்த்தனர். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த முதியவர் வந்தார். உறக்கம் வராமல், மண்டபத்தில் ஏதேனும் உதவி வேண்டுமா என்று பார்க்க வந்தாராம். தாமும் ஒரு துண்டை எடுத்துச் சுவைத்தார். பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி பெல்லட்டை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "இரண்டு மணி நேரம் இருக்கிறது ஃபாதர். கோழி வாங்கிவரச் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவே.

பெட்டிகளை வெறுமையாக்கி, நெருப்புக் கிண்ணங்களைத் துப்புரவு செய்து, உணவு ஏதும் வைக்காமல் அரைமணி நேரம் உயர் வெப்பத்தில் அடுப்புகளை எரியவிட்டார். தம் வீட்டிலிருந்து ஆப்பிள் மரப் பெல்லட் கொண்டுவந்து கொட்டினார். பங்குப் பெண்கள் வாங்கிவந்த கோழித் தொடைகளை அடுக்கி, முதல் வரிசை நன்றாக வெந்ததைக் கண்டபின்பே, மீதியை இளைஞரிடம் ஒப்படைத்துக் கைகழுவிக்கொண்டு, மனைவியின் சடலத்தருகே போய் அமர்ந்தார்.

அன்று சவப்பெட்டிக்குத் தூபம் காட்டியபோது நான் அவர் பக்கத்தில் நின்றேன். அவருடைய கறுப்பு அங்கியில் ஆப்பிள் மரப் புகையின் மெல்லிய மணம் வீசியது. என் கையிலிருந்த தூபக் கலசத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. சாம்பிராணியும் மரத்தின் பிசினே! அடுப்பில் நஞ்சாய்க் கசந்த பிசின், பீடத்தின்முன் நறுமணமாய் எழுகிறது. பொருளில் குற்றமில்லை, இடமறியாமல் அதை இட்டவன்மேல்தான் குற்றம்.

அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. கொல்லையில் அடுப்பை மூட்டி, என்னை அருகே அமர்த்தி, பெல்லட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்பித்தார். கீழே நான் எழுதுவனவற்றுள் பெரும்பாலானவை அன்று அவர் சொன்னவை. சில, பின்னர் நான் தேடிக் கற்றவை.

முதலில் பையைப் படியுங்கள்

பெல்லட் வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி 'எந்த மரம்?' என்பதன்று, 'எதற்காகச் செய்தது?' என்பதே. கணப்புக்குச் செய்த பெல்லட் பைன், ஃபர் போன்ற பிசின் மரங்களால் ஆனதாக இருக்கலாம். பல ஆலைகளின் கலப்புத் தூளாகவும் இருக்கலாம். வீட்டைச் சூடாக்க அது போதும். அதன் புகை, குழாய் வழியே வெளியேறிவிடும். ஆனால் சமையல் அடுப்பில் புகை உணவைத் தழுவியே செல்கிறது. பிசின் மரம் புகையக் கரியும் கசப்பும் உணவில் படியும். ஆகவே உணவு சமைப்பதற்கென்றே செய்ததாகப் பையில் குறித்திருக்க வேண்டும். வன்மரத்தால் மட்டுமே ஆனதாகவும் இருக்க வேண்டும். வண்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றின் தூள் அடுப்பருகே வரவே கூடாது.

இரண்டாவது, கலப்பு. பையின் முகப்பில் பெரிய எழுத்தில் 'ஹிக்கரி' என்றிருக்கும். உள்ளே பெரும்பகுதி ஓக் மரமோ ஆல்டர் மரமோ இருந்து, ஹிக்கரி சிறு பங்காகவும் இருக்கலாம். ஓக் நன்றாக எரியும், சீரான வெப்பம் தரும். எனவே கலப்பது குற்றமன்று. கலந்ததைச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். 100 விழுக்காடு ஒரே மரம் என்று தெளிவாக எழுதியிருந்தால் அது ஒருவகை. 'கலவை' என்று எழுதி, எந்தெந்த மரம் என்றும் சொல்லியிருந்தால் அதுவும் நேர்மையே. இரண்டுமின்றி 'சுவை', 'மணம்' என்னும் சொற்கள் மட்டும் மின்னினால், மரத்தின் மணமா, மேலே தெளித்த எண்ணெயின் மணமா என்று கேளுங்கள். அச்சில் எளிதாக வழுக்கிச் செல்லச் சிறிதளவு தாவர எண்ணெய் சேர்ப்போரும் உண்டு, அதனால் தீங்கில்லை. மணமூட்டிய எண்ணெயையே மரமென்று விற்பதுதான் ஏமாற்று.

மூன்றாவது, சாம்பல். நல்ல பெல்லட் எரிந்தபின் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவான சாம்பலே தங்கும். பட்டை மிகுதியாகக் கலந்திருந்தால் சாம்பல் பெருகும். நெருப்புக் கிண்ணம் அடைபடும். தீ திணறிப் புகை கெடும்.

எந்த உணவுக்கு எந்த மரம்?

நம் பாட்டிமாருக்கு விறகின் குணம் தெரியும். புளிய விறகு நின்று எரியும் என்பர். முருங்கையை விறகென்றே மதிக்கமாட்டார்கள். அதே அறிவு அந்நாட்டாரிடமும் உண்டு. மரங்களின் பெயர்தான் வேறு.

ஆப்பிள், செர்ரி ஆகிய பழ மரங்களின் புகை மென்மையானது. சற்று இனிமை தோன்றும். கோழிக்கும் பன்றி இறைச்சிக்கும் ஏற்றது. மேப்பிளும் இவ்வகையே. ஆல்டர் மரம் பசிபிக் கடற்கரைக்கு உரியது. அந்நிலத்தின் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு சால்மன் மீனை இம்மரத்தின் புகையில்தான் பதப்படுத்தி வந்துள்ளனர். தபசுகால வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கில் நான் உண்ட மீன், ஆல்டர் புகையில் வெந்த மீனே. ஓக் நடுத்தரமானது, எல்லா உணவுக்கும் பொருந்தும். ஹிக்கரி வன்மையானது; மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அதை விரும்புவர். பீக்கன் அதன் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அதைவிட மென்மையானது.

எல்லாவற்றிலும் கடுமையான புகை தருவது டெக்சஸ் மாநிலத்தார் போற்றும் மெஸ்கீட். இது யார் தெரியுமா? நம் இராமநாதபுரம் சீமையிலும் சிவகங்கையிலும் கண்மாய்களை அடைத்து நிற்கிறதே சீமைக் கருவேலம், அதன் நெருங்கிய உறவு! நம் ஊரில் பகையென்று வெட்டிக் கரியாக்கும் மரத்தின் இனத்தை, அங்கே பையிலிட்டுப் பெயர் சொல்லி விற்கின்றனர். இதன் புகை விரைவில் மிகுந்து கசந்துவிடும். சிறிது நேரத்தில் வேகும் உணவுக்கே தக்கது.

எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. பெல்லட் மிக நன்றாக எரிந்துவிடுவதால், அதன் புகை பொதுவாகவே மெல்லியது. கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தால் ஆப்பிளையும் செர்ரியையும் பிரித்தறிவது எளிதன்று. "பெயருக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள் ஃபாதர், தூய்மைக்காகக் கொடுங்கள்" என்றார் அந்த முதியவர். புகையின் மணம் மிகுதியாக வேண்டுமானால், மரத்தை மாற்றுவதைவிட வெப்பத்தைக் குறைப்பதே வழி. 107 பாகை செல்சியஸ் அளவில் மெல்ல எரியும்போது புகை கூடும். குளிர்ந்த, ஈரம் உலராத இறைச்சி அப்புகையை நன்கு ஏற்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாய் எழும் புகையே நல்ல புகை. வெண்மேகமாய்ச் சுருண்டு எழுவது திணறும் நெருப்பின் அடையாளம்.

கையும் கண்ணும் செய்யும் சோதனை

பையைப் பிரித்ததும் செய்யத்தக்க எளிய சோதனைகள் நான்கு.

1. ஒரு பெல்லட்டை இரு விரல்களால் ஒடித்துப் பாருங்கள். 'டக்' என்ற ஒலியுடன் ஒடிந்தால் உலர்ந்தது. ஓசையின்றிப் பிய்ந்து நொறுங்கினால் ஈரம் ஏறியது.

2. மேற்புறத்தைப் பாருங்கள். மெல்லிய பளபளப்பு இருந்தால் நன்கு அழுத்தி வார்த்தது.

3. பையின் அடியில் தங்கிய தூளைப் பாருங்கள். சிறிது தூள் இயல்பே. மிகுதியாக இருந்தால் பெல்லட் வலுவற்றது. அத்தூளைச் சலித்துவிட்டே பெட்டியில் கொட்ட வேண்டும். இல்லையேல் திருகுத் தண்டு சிக்கும்.

4. ஒரு குவளை நீரில் சிலவற்றை இடுங்கள். தூய மரமானால் சில நிமிடங்களில் உப்பி, தூளாகக் கரையும். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால், மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று அறியலாம்.

முகர்ந்து பார்ப்பதையும் மறவாதீர்கள். மரத்தின் மணம்தான் வர வேண்டும். பிசின், வண்ணம், பூஞ்சை ஆகியவற்றின் வாடை வந்தால் விலக்குங்கள்.

ஈரத்திற்கும் நெருப்புக்கும் அஞ்சுங்கள்

பெல்லட்டுக்கு முதற் பகை ஈரம். நல்ல பெல்லட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவான ஈரமே இருக்கும். மழைநீர் பட்டுவிட்டால் அது மீண்டும் மரத்தூளாகிவிடும். அத்தூள் திருகுத் தண்டில் தங்கிக் காய்ந்தால் சிமென்ட்போல் இறுகும். அடுப்பையே கழற்ற வேண்டிவரும். ஆகவே பையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்; பிரித்தபின் மூடியுள்ள வாளியில் கொட்டி இறுக மூடுங்கள். மழைக்காலத்தில் சமைத்து முடித்தால், பெட்டியில் மீந்ததை எடுத்துவிடுங்கள்.

உயிரைப் பற்றிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. இவ்வடுப்பு வெட்டவெளிக்கே உரியது. குளிருக்கும் மழைக்கும் அஞ்சி அதை வீட்டினுள்ளோ, கார் கொட்டகையிலோ மூட்டலாகாது. எரியும் மரத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று எழும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. பெரும் அளவில் பெல்லட்டைக் குவித்து அடைத்துவைத்த அறைகளில், எரிக்காமலேயே இந்த நச்சுக்காற்று தேங்கி உயிர் பறித்ததும் உண்டு. சாம்பலை அள்ளும்போது அதனுள் கனல் மறைந்திருக்கலாம் என்பதை எண்ணி, மூடியுள்ள இரும்புக் கலத்தில் இடுங்கள். உருகி வழியும் கொழுப்பை அவ்வப்போது துடையுங்கள். கோழி வெந்ததா என்பதை மேல் நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். உட்புறம் 74 பாகை செல்சியஸ் எட்டியிருக்க வேண்டும்.

அளவோடு உண்போம்

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். தூய வன்மரப் பெல்லட்டில் எப்போதாவது சமைத்து உண்பதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் புகையூட்டிய உணவை அன்றாட உணவாக்குதல் நன்றன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-ஆம் ஆண்டு அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. உப்பிடுதலோடு புகையூட்டுதலும் பதப்படுத்தும் முறைகளில் ஒன்றாக அங்கே எண்ணப்படுகிறது. திருவிழா உணவைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை. நம் முன்னோர் வகுத்த ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஆன்மாவுக்கு மட்டுமன்று, உடலுக்கும் நன்மை தந்தவை அன்றோ!

இரண்டு கரிநெருப்புகள்

அன்று அந்த முதியவரின் கொல்லையில் அமர்ந்திருந்தபோது, குருமடத்தில் எங்கள் மறைநூல் ஆசிரியர் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் அருளப்பர் நற்செய்தியில். முதலாவது, தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய மூட்டிய நெருப்பு. அதனருகே நின்றுதான் இராயப்பர் ஆண்டவரை அறியேன் என்றார். இரண்டாவது, திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் உயிர்த்த ஆண்டவரே மூட்டிய நெருப்பு. அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. ஆண்டவர் முதலில் கணக்குக் கேட்கவில்லை, உண்ண அழைத்தார். உண்டபின்னரே, அன்பைக் கேட்டார், மந்தையை ஒப்படைத்தார்.

மனைவியை அடக்கம் செய்யும் நாளில் தம் விருந்தினருக்கான உணவைக் கெடுத்தவனை, அந்த ஏழைத் தொழிலாளி ஒரு சொல்லாலும் குத்திக்காட்டவில்லை. அடுப்பை மூட்டினார், அருகே அமர்த்தினார், உண்ணக் கொடுத்தார், அதன்பின் கற்பித்தார். குருமடத்தில் நான் படித்த பாடத்தின் பொருள், ஆரிகனில் ஓர் அடுப்பருகேதான் எனக்கு விளங்கிற்று.

அன்புக் குடும்பத்தாரே! கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பைகளில், ஒன்று உணவுக்கு மணம் சேர்க்கிறது. மற்றது உணவைக் கெடுக்கிறது. எரியும்வரை வேறுபாடு தெரிவதில்லை. எரிந்தபின் மாற்ற இயலுவதில்லை. நம் இல்லம் என்னும் அடுப்பிலும் நாள்தோறும் எதையேனும் இட்டுக்கொண்டேயிருக்கிறோம். பிள்ளைகள் கேட்க நாம் பேசும் பேச்சு, அயலாரைப் பற்றிய நம் தீர்ப்பு, அவர்கள் கண்ணெதிரே ஓடும் காட்சிகள்: எல்லாம் எரிபொருளே. மலிவாகக் கிடைக்கிறதென்று ஆராயாமல் இட்டுவிடுகிறோம். வாடை எழும்போதுதான் திகைக்கிறோம்.

ஆகவே, வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகள் பெல்லட் வாங்கும்போது பையைப் படித்து வாங்கட்டும். நாமும், வீட்டில் எதை எரிக்கிறோம் என்று இன்றிரவு குடும்ப செபத்திற்குப்பின் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். தவறியவர் ஒருவர் வீட்டில் இருப்பாரேயானால், முதலில் அவருக்கு இலை போடுவோம். அறிவுரையைப் பிறகு சொல்லலாம்.